துணைக்கு நாற்காலி இல்லை

மட்டாஞ்சேரி,
12-2-1981

சௌபாக்யவதி கமலாக்ஷிக்கு அண்ணா வெங்கிடேஸ்வரன் அநேக ஆசீர்வாதம்.

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. சாவதற்கு இந்த வீட்டில் இனி நான் ஒருவன்தான் பாக்கி, நான் சௌக்கியமாகவே இருக்கிறேன். அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. அந்தப் பதிமூன்று நாளும் நீ இங்கே இருந்தாய். எள் எங்கே, தர்ப்பை எங்கே என்பதைத் தவிர நாம் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது ஒரு காரியமாக எழுத வேண்டியிருக்கிறது. இந்த வருஷம் உலகம் முழுக்க ஊனமுற்றோர் வருஷமாம், ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள். என் வருஷம் வந்தது எனக்கே ரேடியோ சொல்லித்தான் தெரிந்தது. நம் சங்கீத சபாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. செக்ரட்டரி சிவராமகிருஷ்ணன் மாமா போன வாரம் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மூச்சு வாங்க வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். ஊனமுற்றவர்களுக்குத் துணையாக வருகிறவர்கள் இனி டிக்கெட் எடுக்க வேண்டாம். அதற்கான விதிகளை நான்தான் ஸ்டென்சில் அடித்துக் கொடுக்க வேண்டும். "உன்னை வெச்சுத்தான் இது தோணித்தாக்கும்" என்றார். அப்பா காலத்தில் அவரும் கேட்டில் டிக்கெட் பார்க்கிற வர்க்கிச் சேட்டனும் வாய்வார்த்தையாக நமக்குச் செய்த சலுகை இப்போது சட்டமாகிறது.

விதிகள் சுருக்கம். ஒன்று, ஊனமுற்றவர் டிக்கெட் எடுக்க வேண்டும். இரண்டு, துணைக்கு இலவசம். மூன்று, துணைக்கு நாற்காலி கிடையாது, பின்புறம் நிற்கலாம். நான்கு, கார்டில் துணையின் பெயரையும் உறவையும் எழுத வேண்டும், ஆளுக்கு ஆள் மாற்றக் கூடாது. முதல் கார்டு எனக்குத்தானாம். அதில் துணை என்ற இடம் காலியாக இருக்கிறது. அங்கே யார் பெயரை எழுதுவது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஆறு வருஷமாக நான் அந்த ஹாலுக்குள் போகவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சுக்குக் குடோனுக்கு மேலே ஹால். இருபத்திரண்டு மரப்படி. இடது கக்கத்தில் கட்டை, வலது பக்கம் நீ. பதினொரு வருஷம் அப்படித்தான் ஏறினோம். அன்றைக்கு உன்னைப் பெண் பார்க்க பம்பாய்க்காரர்கள் கச்சேரிக்கே வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை கல்யாணராமனும் அவர் அம்மாவும் படிக்குக் கீழே நின்றிருந்தார்கள். வர்க்கி வழக்கம்போல, "கூடெ வந்நயாள் கேறிக்கோ" என்று துணைக்கு வந்தவளை ஏறச் சொன்னான். நீ என்னைப் பார்க்காமல், "ஞான் கூடெ வந்நதல்ல", கூட வந்தவள் இல்லை என்று சொல்லி, தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாய். வர்க்கி என் முகத்தைப் பார்த்தான். "ஞான் ஒற்றைக்காணு வந்நது" என்று நானும் சொன்னேன். யார் துணையும் இல்லாமல் தனியாக வந்தவன் என்று.

அதை உனக்காகத்தான் சொன்னேன். அம்மா சொல்லிக்கொடுத்துத்தான் நீ அப்படிச் செய்திருப்பாய் என்று அன்றே புரிந்துகொண்டேன். உன் கல்யாணம் நடந்ததில் எனக்கும் அந்த அளவு பங்கு உண்டு. நீ அதை ஒரு நாளாவது நினைத்திருப்பாயா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். குழந்தைக்கு முத்தம்.

வெங்கிடேஸ்வரன்

*

மாதுங்கா, பம்பாய்,
24-2-1981

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. இவர்தான் பிரித்தார். படித்து மேஜைமேல் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிய வழிய நான் அதை நின்றபடியே படித்தேன்.

அம்மா சொல்லவில்லை அண்ணா. அம்மாவைச் செத்த பிறகு இதில் இழுக்காதே. "அண்ணாவையும் அழைச்சிண்டு போ, அவாளும் பாக்கட்டும்" என்றுதான் அம்மா சொன்னாள். நானாகத்தான் செய்தேன். ரிக்‌ஷாவில் வரும்போதுகூட அந்த எண்ணம் இல்லை. இவர் அம்மா என் புடவையைப் பார்த்தாள், பிறகு உன் காலைப் பார்த்தாள். அவ்வளவுதான். என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். இருபத்திரண்டு படியிலும் என் முதுகு சுட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆறு வருஷமாக இருக்கிறது. குளிக்கும்போது, காய் நறுக்கும்போது, குழந்தைக்குத் தலை பின்னும்போது திடீரென்று வந்து கன்னத்தில் அறையும்.

நினைத்தாயா என்று கேட்டாயே, இதுதான் பதில். இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் உன் மூன்றாவது விதி என்னை விடமாட்டேன் என்கிறது.

"துணைக்கு நாற்காலி கிடையாது, பின்புறம் நிற்கலாம்." எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறாய். ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினொரு வருஷமும் நான் எங்கே உட்கார்ந்து கச்சேரி கேட்டேன் என்று உனக்குத் தெரியுமா?

நான் உட்காரவில்லை அண்ணா. உட்கார நாற்காலி இல்லை. நாற்காலிக்கெல்லாம் நம்பர், நம்பருக்கெல்லாம் டிக்கெட். உன்னை முதல் வரிசைக் கோடியில் உட்காரவைத்து, காலை நீட்டிவைத்து, கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான் கடைசித் தூணுக்குப் போய்விடுவேன், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். பத்து வயசிலிருந்து இருபத்தொரு வயசுவரை. வீட்டுக்குத் தூரமான நாட்களில்கூட. மூன்று மணி நேரம், சில நாள் நாலு மணி நேரம். வீட்டுக்கு வந்து நீ அந்தத் தோடி எப்படி, அந்தத் தனி ஆவர்த்தனம் எப்படி என்று பேசுவாய். எனக்குக் கணுக்கால் வலிதான் தெரியும்.

அன்று நான் வாங்கிய டிக்கெட்டுக்கு நாற்காலி இருந்தது. நாற்பத்தேழாம் நம்பர். அந்த ஹாலில் நான் முதல் தடவையாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உன்னைப் படியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த அந்த நிமிஷத்திலும், அப்பாடா என்று கால் சொல்லிற்று. அதை நினைத்தால்தான் இன்னும் அவமானமாக இருக்கிறது.

எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள். என்னைக் கேட்காதே.

கமலாக்ஷி

*

மட்டாஞ்சேரி,
19-3-1981

அன்புள்ள கமலா,

பதில் எழுத இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. முதல் வாரம் உன்மேல் கோபம். இல்லாததையெல்லாம் கட்டிச் சொல்கிறாள், பெண்கள் வரிசையில்தானே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம், பெண்கள் வரிசையில் உன்னை எப்போதாவது பார்த்தேனா என்று யோசித்தேன். ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. மூன்றாவது வாரம் ஹாலுக்குப் போனேன்.

எதிர்ச் சாயாக்கடையில் ராமர் என்று ஒரு தமிழன் இருக்கிறான், சுள்ளிக்கல்லில் குடியிருக்கிறான். அவன் என்னை மத்தியான நேரத்தில் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் மேலே போனான். வர்க்கி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு வந்தான். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"வர்க்கிச் சேட்டா, கமலம் எவிடெயா இருந்நிருந்நது?"

"இருந்நோ? அவள் இருந்நிட்டில்லல்லோ. தா, ஆ தூணின்டெ அடுத்து நிக்கும்."

உட்கார்ந்ததே இல்லை, நிற்பாள் என்று சொல்லித் தூணைக் காட்டினான். பிறகு இன்னொன்றும் சொன்னான். அதை நீ எனக்கு எழுதவில்லை. மனசு கேட்காமல் அவன் ஒரு நாள் உனக்குத் தன் ஸ்டூலைக் கொடுத்தானாம். நீ வேண்டாம் என்றாயாம். உட்கார்ந்தால் முன்னால் இருக்கிற தலைகள் மறைத்துவிடும், அண்ணா திரும்பிப் பார்த்தால் என்னைக் காணமாட்டான், தண்ணீரோ எதுவோ வேண்டும் என்றால் எப்படித் தெரியும் என்றாயாம். உனக்கு அப்போது பன்னிரண்டு வயசிருக்கும் என்றான்.

நான் திரும்பிப் பார்த்ததே இல்லை கமலா. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முதுகுக்குப் பின்னால் ஒரு தங்கையே தெரியவில்லை. காலில் இரும்புப் பட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் திரும்புவது கஷ்டம்தான். ஆனால் அது காரணமில்லை. திரும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. இடைவேளையில் நீ தண்ணீர் கொண்டுவருவாய், நான் குடிப்பேன். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டதில்லை.

தனியாக வந்தேன் என்று அன்று வர்க்கியிடம் சொன்னதைப் பெரிய தியாகம் என்று ஆறு வருஷம் நெஞ்சில் மெடல் மாதிரிக் குத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் பதினொரு வருஷமும் நான் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. நீ ஒரு தடவை என்னைத் தெரியாது என்றாய். நான் ஒவ்வொரு கச்சேரியிலும் சொன்னேன், வாயைத் திறக்காமல். உன்னைக் குத்திக்காட்டி அந்த முதல் கடிதத்தை எழுதினேனே, அதற்குக் கூசுகிறது.

வெங்கிடு

*

மாதுங்கா, பம்பாய்,
2-4-1981

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நீ அப்படி எழுதியிருக்க வேண்டாம். திட்டியிருந்தால் தேவலை.

வர்க்கிச் சேட்டன் சொன்னது நிஜம்தான். ஆனால் அது பன்னிரண்டு வயசுப் பெண். பதினெட்டு வயசில் அதே தூணடியில் நின்றுகொண்டு, இவனுக்குக் கால் நன்றாக இருந்திருந்தால் நான் இங்கே நிற்க வேண்டுமா என்று நினைத்திருக்கிறேன். வர்க்கிச் சேட்டனுக்கு அது தெரியாது. என்னைக் கோவிலில் ஏற்றிவைக்காதே.

இன்னொன்று சொல்ல வேண்டும், எழுதக் கை வரவில்லை. உன் இரண்டாவது கடிதத்தையும் இவரே படித்தார். அன்று சாயங்காலம் நான் கேட்டேன், "படிச்சேளே, ஒண்ணுமே கேக்கலையே?" என்று. இவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அன்னிக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"படியில நின்னது உன் அண்ணான்னு. ஜாதகம் குடுத்த பாலக்காட்டு மாமா முன்னாடியே எழுதியிருந்தார், பிள்ளைக்குப் போலியோ, டைப்ரைட்டிங் வெச்சு நடத்தறான்னு. எங்களுக்கு அதுல ஒண்ணும் ஆட்சேபம் இல்லை. அம்மா அவரைப் பாத்துப் பேசணும்னுதான் கீழேயே காத்துண்டிருந்தா."

அண்ணா, அவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். யாரிடமிருந்து உன்னை மறைத்தேனோ அவர்கள் உன்னிடம் பேசக் காத்திருந்தார்கள். நான் உன்னைத் தாண்டிப் படியேறுவதை இரண்டு பேரும் நின்று பார்த்திருக்கிறார்கள்.

"அப்பறம் ஏன் என்னைக் கல்யாணம் பண்ணிண்டேள்?" என்று கேட்டேன். செருப்பை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார், "நான் மாத்திரம் என்ன பண்ணினேன்? இறங்கிப் போய் ஒரு கை குடுத்து அவரை மேலே கொண்டுவந்திருக்கலாம். புது இடம், யாராவது ஏதாவது நினைச்சுப்பான்னு நானும் நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். உன்னைக் கேக்க எனக்கு என்ன யோக்யதை?"

பத்துப் பொருத்தத்தில் எங்களுக்கு அந்த ஒன்று ரொம்ப நன்றாகப் பொருந்தியிருக்கிறது. ஆறு வருஷமாக ஒரே வீட்டில், ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் ஒரே விஷயத்துக்குத் தலைகுனிந்துகொண்டிருக்கிறோம்.

கார்டில் என் பெயரை எழுதாதே. உன் சாயாக்கடை ராமர் பெயரை எழுது. அவன் உன்னை ஒரு தடவையாவது மேலே கொண்டுபோய்ச் சேர்த்தானே.

கமலா

*

மட்டாஞ்சேரி,
3-5-1981

அன்புள்ள கமலா,

இங்கே ஒரு கூத்து நடந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டென்சிலை அடிக்க உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு அடித்தேன். மூன்றாவது விதிக்கு வந்ததும் விரல் ஓடவில்லை. நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற ஆள் நான், கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அடித்தேன். "துணையாக வருபவருக்கு ஊனமுற்றவரின் பக்கத்திலேயே ஒரு நாற்காலி அளிக்கப்படும்." இங்கிலீஷில் இன்னும் கம்பீரமாக இருந்தது. மாமா மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். நூறு பிரதி எடுத்துச் சபா அங்கத்தினர் எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டது.

நாலாம் நாள் கமிட்டி கூடியது. என்னையும் வரச் சொன்னார்கள்.

"எடா வெங்கிடு, இது என்னவாக்கும்?" என்றார் மாமா, காகிதத்தை ஆட்டிக்கொண்டு.

"டைப் பிழை மாமா."

"பிழைன்னா ஒரு எழுத்து விடும், ரெண்டு எழுத்து மாறும். ஒரு நாற்காலியே வந்து உக்காருமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தப்பித்திருக்கலாம். சிரிக்க முடியவில்லை. எட்டுப் பேர் முன்னால் சொன்னேன். என் தங்கை பதினொரு வருஷம் அந்தத் தூணடியில் நின்றாள், அது எனக்கு இந்த மார்ச் மாசம்தான் தெரியும் என்று. வேறொன்றும் சொல்லவில்லை. படியில் நடந்ததைச் சொல்லவில்லை, அது நம் வீட்டு விஷயம். முப்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளை, எட்டுப் பேர் முன்னால் அழுதேன்.

மாமா காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "உங்கப்பா கேட்டப்போ, கூட வரவா சும்மா வரட்டும்னு நான்தான் சொன்னேன். உபகாரம் பண்றோம்னுதான் நினைச்சேன். அவாளுக்கும் கால் வலிக்கும்னு தோணலை பாத்துக்கோ" என்றார். விதி நான் அடித்தபடியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஹாலில் நாற்காலி போதாதென்று தன் வீட்டு மடக்கு நாற்காலியை அவரே கொடுத்தனுப்பியிருக்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறுத்துவிடாதே. கார்டில் உன் பெயரை அடித்தாகிவிட்டது. துணை: கமலாக்ஷி. உறவு: தங்கை. நானாக அழிக்கமாட்டேன். ராமரும் வேண்டாம் என்கிறான், கச்சேரி என்றாலே அவனுக்குத் தூக்கம் வருகிறதாம். நவராத்திரிக் கச்சேரிக்கு வா. நீ வந்தால்தான் நான் மேலே ஏறுவேன். வராவிட்டால் அந்த நாற்காலி அப்படியே இருக்கட்டும், நான் கீழே குடோன் வாசலில் சுக்கு வாசனையோடு கேட்டுக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான்.

மாப்பிள்ளையிடம் சொல். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரும் வரட்டும். அவருக்கு டிக்கெட் உண்டு, சலுகை கிடையாது.

வெங்கிடு

*

மாதுங்கா, பம்பாய்,
11-10-1981

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நேற்றுக் காலை சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த நேந்திரங்காய் வறுவலைக் குழந்தை ரயிலிலேயே தீர்த்துவிட்டாள்.

ஊரில் நாலு நாள் இருந்தும் உன்னிடம் இதை நேரில் சொல்ல முடியவில்லை. நமக்கு எப்போதும் காகிதத்தில்தான் வாய் வருகிறது.

நவராத்திரிக் கச்சேரியன்று படிக்குக் கீழே நான் எவ்வளவு பயந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்காது. வர்க்கிச் சேட்டன் ஒன்றும் கேட்கவில்லை, கார்டைக்கூடப் பார்க்கவில்லை. பேசாமல் ஏறியிருக்கலாம். ஆனால் கேட்காமல் விட்டால் அது தீராது என்று தோன்றியது. அதனால்தான் நானே சொன்னேன். "ஞான் கூடெ வந்நதாணு. இது என்டெ ஏட்டன்." கூட வந்தவள்தான், இது என் அண்ணா என்று. கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கியூவில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். வர்க்கிச் சேட்டன், "எனிக்கறியாம் மோளே" என்றார். தெரியும் என்று. இவர் பின்னாலிருந்து உன் இடது பக்கம் வந்து கட்டையை வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு படியும் நாம் மூன்று பேரும் சேர்ந்தே ஏறினோம்.

இப்போது நாற்காலி விஷயம். நான் ஏன் அதில் உட்காரவில்லை என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காததால் சொல்கிறேன். உன்னை உட்காரவைத்து, காலை நீட்டி, கட்டையைச் சுவரில் சாய்த்தேன். மாமாவின் மடக்கு நாற்காலி பக்கத்தில் இருந்தது, புதுசாகப் பெயின்ட் அடித்து. அதன்மேல் என் கைப்பையை வைத்தேன். பிறகு கால் தானாகப் பின்னால் போய்விட்டது. தூணடியில் போய் நின்ற பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. திரும்பி வரவும் வெட்கம், அங்கே நிற்கவும் வெட்கம். உன் பக்கத்தில் உட்கார எனக்கு எந்த விதி இடம் கொடுத்தாலும், எனக்கு நானே கொடுக்க முடியவில்லை. இவர் தன் வரிசையிலிருந்து பார்த்தார், வந்து கூப்பிடவில்லை. நல்ல வேளை.

பாடகர் கல்யாணி ஆலாபனையை எடுத்துச் சிறிது நேரம் ஆகியிருக்கும். முதல் வரிசைக் கோடியில் இரும்புச் சத்தம் கேட்டது. நீ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பட்டை போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி, முழு உடம்பையும் திருப்பினாய். உனக்குப் பின்னால் இருந்தவர் "உஸ்" என்றார். நீ அவரைக் கவனிக்கவில்லை. அத்தனை தலைகளுக்கு நடுவில் தேடினாய். நான் நின்றுகொண்டிருந்ததால் உடனே கண்டுபிடித்துவிட்டாய்.

நீ கூப்பிடவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. என் கைப்பையை மட்டும் நாற்காலியிலிருந்து எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். பிறகு நான் வந்து உட்காரும்வரை, பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அப்படியே திரும்பியிருந்தாய்.

கமலா